இரண்டு சொல் அளவு மழை

இந்த அறையில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது. எங்கள் அலுவலகத்தில் இருந்தது கிழட்டு மாடு போல முனகும். அதற்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். இங்கே நிதானமாகப் பேசலாம். தண்ணீரும் வைத்திருக்கிறீர்கள். நன்றி.

என் வேலையிலிருந்து தொடங்குகிறேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால் தலையும் இருக்காது, வாலும் இருக்காது.

நாங்கள் ஆம்புலன்ஸ் அனுப்பும் மையம். உடம்புக்கு முடியாதவர்களின் வீட்டிலிருந்து அழைப்பு வரும். ஹெட்போன் மாட்டிய பெண்கள் விலாசத்தைக் கேட்டுத் தட்டச்சு செய்து ஒரு பொத்தானை அழுத்துவார்கள். விலாசம் வண்டி நிற்கும் இடத்துக்குப் போய்விடும். பேசுவது எல்லாமே பதிவாகும். அந்தப் பதிவுகளைப் பாதுகாப்பது என் பொறுப்பு.

பாதுகாப்பது என்றால் பூட்டி வைப்பது மட்டுமல்ல. பதிவைப் பிற்பாடு யாரோ திருத்திவிட்டார்கள் என்று ஒருவரும் சொல்ல முடியாதபடி செய்ய வேண்டும். அதற்காக ஒவ்வொரு கோப்பையும் ஒரு கணக்குக்குள், அதாவது ஒரு கணினி நிரலுக்குள், செலுத்துவோம். மறுபக்கம் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான வரி வரும். கணினிக்காரர்கள் அதை ஹாஷ் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் கைரேகை என்போம். பதிவிலிருந்து ஒரு இருமலை நீக்கினால்கூடக் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். மாறவில்லை என்றால் பதிவில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள்.

அந்தக் கணக்கை என் கையால் எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, வரி வரியாக. அதில் ஒரு பிழைகூட வந்ததில்லை. என் மாமனார் உயிரோடு இருந்தவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மாப்பிள்ளை எழுதின கணக்குலதான் அந்த ஆபீஸே ஓடுது" என்பார். அது என்ன கணக்கு என்று அவருக்குத் தெரியாது. தெரியாதவர் புகழ்ந்தாலும் புகழ்ச்சி இனிக்கத்தான் செய்கிறது.

அவர் போன பிறகு சின்னவள் எங்களோடு வந்துவிட்டாள். என் மனைவியின் தங்கை. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அக்காவுக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம், எங்களுக்கும் குழந்தை இல்லை. தங்கை என்பதைவிட மகள் என்று சொல்வதே பொருத்தம். எங்கள் மையத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். சிபாரிசுக்கு வந்தவள் என்று யாரும் முணுமுணுக்கவில்லை. அவள் குரலுக்கு ஒரு குணம் உண்டு. அழுதுகொண்டு பேசுகிறவர்கள் அவள் இரண்டு வார்த்தை பேசியதும் மூச்சை இழுத்து விட்டுவிட்டு விலாசத்தைச் சொல்வார்கள்.

எங்களிடம் ஒரு விதி. பொத்தானை அழுத்திய பிறகுதான் "அனுப்பிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அழுத்தினால் கட்டாயம் சொல்ல வேண்டும். சின்னவளுக்கு அது நாக்கில் ஊறிவிட்டது. சாப்பிடும்போது உப்பைக் கேட்டால் டப்பாவை மேஜைமேல் தள்ளிவிட்டு, "அனுப்பிட்டேன் ஐயா, வண்டி வந்துரும்" என்பாள். என் மனைவி சிரித்துப் புரையேறி இருமுவாள். எங்கள் வீடு அப்படி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊர் பெருத்தது, அழைப்புகள் பெருத்தன. நான் கணக்கு எழுதிய காலத்தில் விடிவதற்குள் எல்லாக் கோப்புக்கும் கைரேகை எடுத்து முடிந்துவிடும். பிறகு காலைவரை இழுத்தது, பிறகு மதியம்வரை, பிறகு முடியவே இல்லை. அழைப்புகளைக் கையாள்வதும் அதே இயந்திரம்தான். என் கணக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது பெண்களின் திரைகள் அப்படியே நின்றுவிடும்.

ஒரு நாள் சாப்பிடும்போது சின்னவள் சொன்னாள்: "அத்தான், சாயங்காலமானா ஸ்கிரீன் உறைஞ்சு போயிடுது. பட்டனை அமுக்கினா போச்சா, போகலையான்னே தெரியல. பயமா இருக்கு."

"பாத்துட்டுதான் இருக்கேன்மா" என்றேன்.

எங்கள் நெட்வொர்க்காரர் ஒருவர் உண்டு. கழுத்தில் எப்போதும் ஒரு கம்பிச் சுருள் தொங்குவதால் வயர் என்று பெயர். நல்ல மனிதர். அவர் என் மேஜையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இதுக்கு எதுக்குங்க நீங்க எழுதினதையே கட்டிக்கிட்டு அழறீங்க? ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளயே கைரேகை எடுக்கற கிரிப்டோ இருக்கு. இந்தக் கணக்குக்குன்னே பிராசஸர்ல தனி ஏற்பாடு செஞ்சிருக்காங்க, அது அதை நேரா கூப்பிட்டுக்கும். நாலு வரி போட்டா பறக்கும்."

"வீட்டுச் சாப்பாடு இருக்கறப்போ எதுக்குங்க கடைச் சாப்பாடு?" என்றேன்.

"வீட்டுச் சாப்பாடு வர்றதுக்குள்ள ஆளு பசியில போயிடுவான் போலிருக்கே" என்றார். இருவரும் சிரித்தோம்.

மேலாளரும் கேட்டார். சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சோதித்தும் பார்த்தேன். கைரேகை ஒத்து வரவில்லை, இரண்டு கணக்கும் வேறு வேறு விடை தருகின்றன, அவசரப்பட்டால் பழைய பதிவுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த அலுவலகத்தில் இந்த விஷயத்தில் என் வார்த்தைக்கு மறு வார்த்தை கிடையாது.

நீங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். ஆமாம், ஒத்து வந்தது. ஒரு எழுத்து பிசகாமல் ஒத்து வந்தது. என்னுடையது இன்னும் பாதிக் கிணறு தாண்டாதிருக்க, அது அக்கரையில் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு விடைகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க எழுதியதை யார் வேண்டுமானாலும் நாலு வரியில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றால், நான் அங்கே யார்? சோதனையை அழித்துவிட்டேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரேயடியாக மறுக்கவில்லை, தள்ளிப் போட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அப்புறம் அந்த மழை நாள்.

மதியத்திலிருந்தே கொட்டியது. சாலையெல்லாம் வழுக்கி விழுந்தவர்கள், மோதிக்கொண்டவர்கள். அழைப்புகள் அடுக்கடுக்காக வந்தன. நடுவில் ஒருவர் சின்னவளிடம் பேசினார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்; மனைவிக்கு நெஞ்சு வலி. அப்படி மரியாதையாகப் பேசிய ஒருவரை நான் அந்தப் பதிவுகளில் கேட்டதில்லை. "அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்கம்மா. அவளுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் சீக்கிரம் வந்தா நல்லா இருக்கும்." சின்னவள் விலாசத்தைத் திருப்பிச் சொன்னாள். பொத்தானை அழுத்தினாள். "அனுப்பிட்டேன் ஐயா" என்றாள். அவர், "சரிங்கம்மா, கதவைத் திறந்து வெச்சிருக்கேன்" என்றார்.

அவள் அழுத்தியபோது திரை நின்றிருந்தது. விலாசம் என் கணக்குக்குப் பின்னால் வரிசையில் நின்றது. நின்று நின்று, காலாவதியாகி, விழுந்துவிட்டது. திரை உயிர் பெற்றபோது விலாசக் கட்டங்கள் காலியாக இருந்தன. போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளும் அடுத்த அழைப்பை எடுத்தாள்.

பெரியவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்ன சொல்லை நம்புகிற ஆள். மறுபடி அழைக்க அவருக்கு வெகு நேரம் ஆனது. அந்த அழைப்பை வேறொரு பெண் எடுத்தாள்; அவளிடம் அவர் விலாசத்தை மட்டும் சொன்னார். வண்டி போனபோது அந்தம்மாவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

சின்னவள் எதுவும் தெரியாமல் பணி முடிந்து வீட்டுக்குப் போயிருந்தாள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் மேலாளர் வந்தார். "அந்தம்மா போயிட்டாங்களாம். மேலிடத்துல கேக்கறாங்க. காலையில விசாரணை. அந்தப் பதிவை எடுத்து வைங்க."

எடுத்தேன். அதற்கு இன்னும் கைரேகை விழவில்லை. என் மெதுவான வரிசையில் எங்கோ பின்னால் கிடந்தது. கேட்டேன். இயந்திரம் தானாக எழுதிவைக்கும் குறிப்புகளையும் பார்த்தேன். பொத்தான் அழுத்தப்பட்டது, விலாசம் காத்திருந்தது, விழுந்தது, அப்போது இயந்திரத்தை ஆக்கிரமித்திருந்தது எது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. காலையில் யார் பார்த்தாலும் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும். வயர் சும்மா இருந்தாலும் மேலாளர் கேட்பார்: ஒத்து வரவில்லை என்றீர்களே, எங்கே, காட்டுங்கள்.

நான் பதறவில்லை. யோசித்தேன். சின்னவள் வேலைக்கு வந்து அதிக காலமாகவில்லை. புதியவள், கூட்டமான நேரம், ஒரு தவறு. ஒரு எச்சரிக்கையோடு முடியும். மிஞ்சிப் போனால் வேலை போகும். அவள் குரலுக்கு வேறு வேலை கிடைக்கும். எனக்கோ வேறு எதுவும் தெரியாது. குடும்பத்தில் யாரோ ஒருவர் தாங்க வேண்டும் என்றால், தாங்கக்கூடியவர் தாங்குவதுதான் நியாயம்.

குறிப்புகளிலிருந்து அந்த வரிகளை எடுத்தேன். பதிவிலிருந்து பொத்தான் சத்தத்தையும் "அனுப்பிட்டேன் ஐயா" என்பதையும் வெட்டினேன். வெட்டி ஒட்டினால் பேசிய நேரம் குறைந்துவிடும், தொலைபேசிக்காரர்களின் கணக்கோடு இடிக்கும். அதனால் அதே பதிவில் வேறோர் இடத்திலிருந்து பெரியவர் வீட்டு மழைச் சத்தத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். இரண்டு சொல் அளவு மழை. நன்றாகப் பொருந்தியது. விலாசத்தைக் கேட்டுக்கொண்டு, ஏதோ ஞாபகத்தில், அனுப்ப மறந்துவிட்ட பெண் ஒருத்தி அதில் இருந்தாள்.

பிறகு வயர் சொன்னதைச் செய்தேன். என் கணக்கை எடுத்துவிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிடும் அந்தச் சில வரிகளைப் போட்டேன். காலையிலிருந்து தேங்கிக் கிடந்த பதிவுகளுக்கெல்லாம் நான் தேநீர் எடுத்துவந்து உட்காருவதற்குள் கைரேகை விழுந்துவிட்டது. வெட்டிய பதிவுக்கும் விழுந்தது. இயந்திர அறையின் இரைச்சல் அடங்கியது. அத்தனை வருடத்தில் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

கைரேகை பொய் சொல்வதில்லை. எடுத்த பிறகு மாறவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. எடுப்பதற்கு முன் என்ன நடந்தது என்று யாரும் அதைக் கேட்பதில்லை.

காலையில் விசாரணை. பதிவை ஓடவிட்டார்கள். சின்னவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அந்த இடம் வந்தது. மழை பெய்தது. "கதவைத் திறந்து வெச்சிருக்கேன்" என்றார் பெரியவர்.

"இல்லை. நான் சொன்னேன். அனுப்பிட்டேன்னு சொன்னேன்" என்றாள்.

வயர் கைரேகையைச் சரிபார்த்தார். பொருந்தியது. மேலாளர் கோபப்படவில்லை. "மெஷினுக்கு உன்மேல என்னம்மா விரோதம்?" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தான், இதை யாராவது மாத்தியிருக்க முடியுமா?"

"மாத்தினா கைரேகை மாறிடும்மா" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. நீங்களே யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவளுக்கு வேலை போனது. அதே கூட்டத்தில் மேலாளர், நேற்று இரவிலிருந்து திரைகள் நிற்பதில்லை என்று சொல்லி என்னைப் பாராட்டினார். "அன்னிக்கு ஒத்து வரலைன்னீங்களே, என்ன தப்பு இருந்துச்சு?" என்று வயர் கேட்டார். சின்ன எழுத்துப் பிழை என்றேன். அவரும் நம்பினார். மனிதர்கள் நம்பத்தான் விரும்புகிறார்கள்.

வீட்டில் சின்னவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பாள். "அவ பொய் சொல்றவ இல்லைங்க" என்பாள் என் மனைவி. "பொய்னு யாரு சொன்னா? மறதி" என்பேன். ஒரு நாள் சின்னவள், "அந்தப் பதிவை இன்னொரு தடவை கேக்கணும் அத்தான்" என்றாள். எடுத்துவரக் கூடாதுதான்; எடுத்துவந்தேன். கேட்டதைக் கொடுக்காமல் இருக்க எனக்கு மனசு வராது. மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அந்த இடம் வரும்போது மழைக்கு நடுவே அவள் உதடுகள் அசையும். சத்தம் வராது. அனுப்பிட்டேன் ஐயா. நான் எதிரே உட்கார்ந்து உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். சரியாக அந்த அளவில் ஆரம்பித்து, அந்த அளவில் முடியும். அவள் ஞாபகம் அவ்வளவு துல்லியம்.

நாளாக ஆக உதடுகள் தயங்கின. ஒரு நாள் அசையவில்லை. மழை பெய்து முடிந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"சொல்லலை போலிருக்கு அத்தான். நான் சொல்லவே இல்லை."

"ஒத்துக்கிட்டா மனசு லேசாயிடும்மா" என்றேன்.

அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

ஒத்துக்கொண்டவள் அதோடு நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பெரியவர் வீட்டைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். எங்களிடம் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"அவருக்கு ஞாபகம் இருக்கு அத்தான். 'நீங்க அனுப்பிட்டேன்னு சொன்னீங்களேம்மா, அதை நம்பித்தானே நான் உக்காந்திருந்தேன்'னு சொல்றாரு. நான் கேக்காமலே அவராத்தான் சொன்னாரு."

நான் நினைத்துப் பார்க்காத ஆள் அவர். இயந்திரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்தவன், ஒரு கிழவரின் தலைக்குள் கிடந்த இரண்டு சொல்லை மறந்துவிட்டேன். அவளை உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். உங்களைப் போலத்தான்.

"அவர் நல்ல மனுஷன்மா" என்றேன். "வாசல்ல ஒரு பொண்ணு வந்து அழுதா அந்த மாதிரி ஆளு வேற என்ன சொல்வாரு? பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர் உன்னைத் தேத்தணும்னு ஒரு பொய் சொல்லியிருக்காரு. அதைப் போய் நீ ஆதாரம்னு பிடிச்சுக்கிட்டா, அவருக்கு இன்னும் பாரம் ஏத்தற மாதிரி."

அவள் என்னைப் பார்த்தாள். முகத்திலிருந்த வெளிச்சம் ஒரே மூச்சில் போகவில்லை. விளக்குத் திரியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது போலப் போனது.

"எனக்காக அவரு பொய் சொல்ற நிலைமையா?" என்றாள். அப்புறம், "சரி அத்தான்" என்றாள்.

அந்த வாரமே அவள் இல்லாமல் போனாள். எப்படி என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் தட்டியது என் மனைவி. உடைத்தது நான். தூக்கிக்கொண்டு வந்ததும் நான்தான். சாவு வீட்டுக்குப் பெரியவரும் வந்திருந்தார். யாரோ அவருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவே இல்லை.

அதன் பிறகு எனக்குச் சத்தங்கள்தான் தொந்தரவு. இயந்திர அறை இப்போது நிசப்தமாக இருக்கிறது. பழைய இரைச்சல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எந்தப் பதிவைக் கேட்டாலும், இரண்டு பேச்சுக்கு நடுவே மூச்சு விடும் இடத்தில், உதடு அசைவது தெரியும். சத்தத்தில் உதடு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியும். வீட்டில் அவள் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறோம். மழை பெய்தால் என் மனைவி ஜன்னல்களைச் சாத்தப் போவாள். நான் கூடத்தின் நடுவில் நிற்பேன், எந்தச் சுவருக்கும் பக்கத்தில் போகாமல்.

என்னைப் பிடித்துக் கொடுத்தது வயரின் கெட்டிக்காரத்தனம் இல்லை, உங்கள் கெட்டிக்காரத்தனமும் இல்லை, தப்பாக நினைக்காதீர்கள். வெட்டி எடுத்த துண்டை நான் அழிக்கவில்லை. என் கைப்பேசியில் வைத்திருந்தேன். ஒரு மாலை குளிக்கப் போயிருந்தபோது என் மனைவி எதையோ தேடி அதை எடுத்திருக்கிறாள். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கூடத்தில் சின்னவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிட்டேன் ஐயா."

என் மனைவியின் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் இருந்தது. தங்கையின் குரலை நான் ஆசையாகச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தாள். மறுபடி ஓடவிட்டாள். அந்தச் சொற்களுக்கு முன்னால் பொத்தான் அழுத்தும் சத்தம். சொற்களுக்குப் பின்னால் மழை. மூன்றாவது முறை ஓடவிடும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இது எப்போ பேசினது?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கைப்பேசியோடு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். பதிவை வெட்டியது நான். குறிப்புகளை அழித்தது நான். நாலு வரியைப் போட மனமில்லாமல் ஒரு பெண்மணியைச் சாகவிட்டது நான். பெரியவர் சொன்னது உண்மை என்று தெரிந்தும், பொய் என்று சின்னவளை நம்பவைத்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

அந்தத் துண்டை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். சின்னவளுக்காகத்தான் வைத்திருந்தேன். அந்த நாட்களில் கைப்பேசி எந்நேரமும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்கும்போதும் இருந்தது. இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவள்தான் கேட்பதை நிறுத்திவிட்டாள்.